அமேசான் காடு ஏன் வெட்டப்படுகிறது? பழங்குடி நிலம் அதை எப்படித் தடுக்கிறது?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட், செப்டம்பர் வந்தால் அமேசான் எரியும் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும். கூடவே சில வாக்கியங்களும் வரும். உலகின் 20 சதவீத ஆக்சிஜன் அங்கிருந்துதான் கிடைக்கிறதாம். மரக் கடத்தல்காரர்கள்தான் காட்டை அழிக்கிறார்களாம். ஆளுக்குப் பத்து மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். மூன்றையும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் காடு ஏன் போகிறது என்ற கேள்விக்கு மூன்றிலும் பதில் இல்லை.

பதில் நிலத்தில் இருக்கிறது. யாருக்கும் சொந்தம் என்று தீர்மானிக்கப்படாத நிலம் எப்படி ஒருவருடைய சொத்தாக மாறுகிறது என்பது புரிந்துவிட்டால், பழங்குடிகளின் நில உரிமையைக் காடு காக்கும் வழி என்று ஏன் சொல்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும். அமேசான் ஒன்பது நாட்டு எல்லைகளுக்குள் பரவியிருந்தாலும் ஏறத்தாழ 60 சதவீதம் பிரேசிலில் இருக்கிறது. எனவே பிரேசிலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஆக்சிஜன் கதையை முதலில் முடித்துவிடுவோம்

மரங்கள் பகலில் ஆக்சிஜன் வெளியிடுவது உண்மைதான். ஆனால் அதே மரங்கள் சுவாசிக்கவும், கீழே விழுந்த இலைகளை நுண்ணுயிர்கள் மக்கச் செய்யவும் கிட்டத்தட்ட அதே அளவு ஆக்சிஜன் செலவாகிவிடுகிறது. வரவும் செலவும் ஏறக்குறைய சமம். நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் பல கோடி ஆண்டுகளாகச் சேர்ந்த கையிருப்பு. அமேசான் முழுக்க எரிந்தாலும் யாருக்கும் மூச்சு முட்டாது.

போவது வேறு இரண்டு: மரத்திலும் மண்ணிலும் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் கார்பன், அப்புறம் மழை. அங்கே ஒரு பெரிய மரம் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீரை ஆவியாக மேலே அனுப்புகிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று காட்டின் மேல் மழையாகக் கொட்டி, மரங்கள் வழியே மறுபடி ஆவியாகி, இன்னும் மேற்கே போய் மறுபடி கொட்டுகிறது. அமேசானில் பெய்யும் மழையில் பாதியளவு இப்படிக் காடே திருப்பி அனுப்பும் தண்ணீர் என்று எனேயாஸ் சலாட்டி என்ற பிரேசில் விஞ்ஞானி 1970களில் காட்டினார். மிச்ச ஈரம் ஆண்டீஸ் மலையில் முட்டித் தெற்கே திரும்புகிறது. இந்தக் காற்றோட்டத்துக்குப் 'பறக்கும் நதிகள்' என்று பெயர். தெற்கே இருக்கும் சோயா வயல்களுக்கு மழை தருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. காட்டை வெட்டிச் சோயா போடுகிறவர் தன் வயலுக்கு வரும் மழையையும் சேர்த்தே வெட்டுகிறார்.

தீ கடைசிக் கட்டம்

மழைக்காடு எப்போதும் ஈரமாக இருப்பது. அது தானாகப் பற்றிக்கொள்வது மிக அரிது. நாம் படத்தில் பார்க்கும் தீ பெரும்பாலும் ஏற்கெனவே வெட்டிப் போட்ட மரங்கள் எரிவது. விலை போகும் மரங்களை முதலில் எடுத்துவிடுவார்கள். அந்தப் பணம் அடுத்த வேலைக்கு முதலாகும். மற்ற மரங்களை மொத்தமாகச் சாய்த்து, வறண்ட மாதங்களில் காயவிட்டு, நெருப்பு வைப்பார்கள். (2024 போன்ற கடும் வறட்சி ஆண்டுகளில் இந்தத் தீ நிற்கிற காட்டுக்குள்ளும் பரவியது. அது புதிய ஆபத்து.)

கேள்வி இதுதான்: விலை போகிற மரத்தை எடுத்தாகிவிட்டது. சந்தையில் யாரும் வாங்காத மற்ற மரங்களை எதற்குச் செலவு செய்து சாய்க்க வேண்டும்?

புறம்போக்கு என்றால் நமக்குப் புரியும்

நம் ஊரில் புறம்போக்கு நிலம் எப்படிக் கைமாறுகிறது என்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் நாலு கல் ஊன்றுவார்கள். பிறகு முள்கம்பி வேலி. ஒரு கொட்டகை, நாலு தென்னம்பிள்ளை. ஆக்கிரமிப்பு என்று பி மெமோ கொடுத்து அபராதம் போட்டால் தகராறு செய்யாமல் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். 'இத்தனை வருஷமாக நான் அனுபவத்தில் இருக்கிறேன்' என்பதற்கு அந்த ரசீதே பின்னால் சாட்சி. ஒருநாள் தேர்தல் வரும், பட்டா வழங்கும் அறிவிப்பும் வரும். வீடில்லாத குடும்பம் இப்படிச் செய்வது ஒரு ரகம். பணமும் ஆள்பலமும் உள்ளவர் ஏக்கர் ஏக்கராக வளைப்பது இன்னொரு ரகம். அமேசானில் காட்டை விழுங்குவது இந்த இரண்டாவது ரகம்.

பிரேசில் அமேசானில் அரசுக்குச் சொந்தமான, ஆனால் எதற்கு என்று இன்னும் ஒதுக்கப்படாத காடு 5 கோடி ஹெக்டேருக்கும் மேல் இருக்கிறது. தேசியப் பூங்கா என்றோ, பழங்குடி நிலம் என்றோ, வேறெதுவாகவோ அதை அறிவிக்கவில்லை. இதை 'ஒதுக்கப்படாத பொதுக்காடு' என்பார்கள். வெட்டிக் காலியாக்கிய நிலம் 'பயன்பாட்டில் இருக்கும் நிலம்'. காடாக நிற்கிற நிலம் 'சும்மா கிடக்கும் நிலம்'. மரத்தைச் சாய்ப்பதுதான் அங்கே கல் ஊன்றுவது.

அடுத்தது காகிதம். 2012 வனச் சட்டத்தின்படி ஒவ்வொரு பண்ணையும் தன் எல்லையையும் அதற்குள் இருக்கும் காட்டின் அளவையும் இணையத்தில் பதிய வேண்டும். இதைச் 'சுற்றுச்சூழல் பதிவேடு' என்போம். காட்டைக் கண்காணிக்க வந்த ஏற்பாடு இது. ஆனால் உரிமையாளர் தானே சொல்லிப் பதிவது. யாரோ ஒருவர் பொதுக்காட்டின் மேல் ஒரு கட்டம் வரைந்து 'இது என் பண்ணை' என்று பதிந்துவிட்டு, அந்தப் பதிவைக் காட்டியே நிலத்தை விற்கிறார். பழங்குடி நிலங்களின் மேலேகூட இப்படிக் கட்டங்கள் வரையப்பட்டிருக்கின்றன. பி மெமோ ரசீதுக்கு அங்கே அண்ணன் இது.

கடைசியில் அரசு மனமிரங்கும். 2004 டிசம்பருக்கு முன் குடியேறியவர்களுக்கு 1,500 ஹெக்டேர் வரை நிலத்தை முறைப்படுத்தித் தரலாம் என்று 2009 இல் ஒரு சட்டம் வந்தது. 2017 இல் அந்தத் தேதி 2008 ஜூலைக்கு நகர்ந்தது. உச்சவரம்பும் 2,500 ஹெக்டேர் ஆனது. தேதி ஒருமுறை நகர்ந்தால் மறுபடியும் நகரும் என்று யார்தான் எதிர்பார்க்க மாட்டார்கள்? இன்று வெட்டுகிறவர் அடுத்த சட்டத்தை நம்பி வெட்டுகிறார். இந்த மொத்த வித்தைக்கும் பிரேசிலில் 'கிரிலாஜெம்' என்று பெயர்: பொது நிலத்தைப் போலிக் காகிதத்தால் தனியார் நிலமாக்குவது.

மாடு எதற்கு, சோயா எதற்கு

வெட்டிய நிலத்தை அப்படியே விட்டால் சில வருஷத்தில் காடு திரும்ப வந்துவிடும். ஆள் இருப்பதாகக் காட்ட மலிவான வழி மாடு. புல் விதை தூவி, வேலி போட்டு, ஹெக்டேருக்கு ஒன்றிரண்டு மாடுகளை விட்டால் போதும். அமேசானில் வெட்டப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாக இருப்பதற்கு இறைச்சிக்கான தேவை ஒரு காரணம். நிலத்தின் மேல் ஆசை அதற்குச் சற்றும் குறையாத காரணம். காடாக இருந்தபோது ஒன்றுக்கும் போகாத நிலம் வெட்டியபின் பல மடங்கு விலைக்குப் போகிறது. மாட்டில் லாபம் வராவிட்டாலும் நிலத்தில் வரும்.

சோயா பிறகு வருகிறது. அதற்குச் சமதளம், இயந்திரம், முதலீடு, துறைமுகத்துக்குச் சாலை எல்லாம் வேண்டும். அதனால் பழைய மேய்ச்சல் நிலத்தை நல்ல விலைக்கு வாங்கிப் பயிரிடுவார்கள். விற்றவர் அந்தப் பணத்தோடு இன்னும் உள்ளே போய்ப் புதிதாக வெட்டுவார். 'சோயா காட்டை நேரடியாகத் தொடவில்லை' என்று அந்தத் துறையினர் சொல்வதில் பாதி உண்மை இருப்பது இப்படித்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: காடு வெட்டப்படுவதற்குப் பெரிய காரணம் நிலத்தைச் சொந்தமாக்குவது. மரம் அதற்கு முதல் போடுகிறது, தீ நிலத்தைத் துடைக்கிறது, மாடு இடம் பிடிக்கிறது, காகிதம் முத்திரை குத்துகிறது.

தங்கம் வேறு கணக்கு

சுரங்கம் என்றதும் பெரிய நிறுவனங்களும் ராட்சத லாரிகளும் நினைவுக்கு வரும். பாரா மாநிலத்தின் கராஜாஸ் இரும்புச் சுரங்கம் அப்படிப்பட்டதுதான். பழங்குடி நிலங்களில் அன்றாடம் நடப்பது வேறு. அது 'கரிம்போ' எனப்படும் ஆற்றுத் தங்கத் தோண்டல். விசைக் குழாயால் ஆற்றங்கரையைக் கரைத்து, சேற்றைச் சலித்துத் தங்கத் துகள் எடுப்பார்கள். தோண்டுகிறவர் பெரும்பாலும் ஏழை. ஆனால் டீசல், இயந்திரம், காட்டுக்குள் ரகசிய விமான ஓடுபாதை எல்லாவற்றுக்கும் பணம் போடுகிறவர் நகரத்தில் இருப்பார்.

தங்கத் துகள்களைத் திரட்டப் பாதரசம் பயன்படுகிறது. சேற்றில் கலந்தால் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டியைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போய்த் தங்கம் மிஞ்சும். போன பாதரசம் ஆற்றுக்கு வந்துசேர்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை 'மெத்தில் பாதரசம்' ஆக்குகின்றன. இது உடலில் தங்கிவிடும் வடிவம். சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அளவு கூடிக்கொண்டே போய், பெரிய மீனைச் சாப்பிடும் மனிதரிடம் வந்து நிற்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் நரம்பு வளர்ச்சியைத்தான் இது மிக மோசமாகத் தாக்கும்.

யானோமாமி மக்களின் நிலத்தில் இதன் முழு விளைவும் தெரிந்தது. வெனிசுவேலா எல்லையை ஒட்டி, 96 லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள நிலம் அது. போர்ச்சுக்கல் நாட்டைவிடப் பெரியது. 1980களில் அங்கே சுமார் 40,000 தங்கம் தோண்டுகிறவர்கள் புகுந்தார்கள். 1992 இல் அதைப் பழங்குடி நிலமாக அறிவித்து ஆட்களை வெளியேற்றினார்கள். தங்க விலை ஏறி, அரசின் கண்காணிப்பு தளர்ந்தபோது மறுபடி ஏறத்தாழ 20,000 பேர் வந்துவிட்டார்கள். தோண்டிய குழிகளில் தண்ணீர் தேங்கி மலேரியா பெருகியது. இயந்திரச் சத்தத்தில் வேட்டை விலங்குகள் ஓடின. காய்ச்சலில் படுத்தவர்களால் தோட்டத்தில் மரவள்ளி நட முடியவில்லை. காட்டுக்கு நடுவில், பசியால் எலும்பும் தோலுமான குழந்தைகளின் படங்கள் வெளிவந்து, 2023 ஜனவரியில் அரசு சுகாதார அவசரநிலை அறிவித்தது. அங்கே வெட்டப்பட்ட காட்டின் பரப்பை மட்டும் வரைபடத்தில் பார்த்திருந்தால் இந்த அழிவு கண்ணில் பட்டிருக்காது.

பழங்குடி நிலம் என்றால் சட்டத்தில் என்ன?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பழங்குடிகளுக்கு அரசு நிலம் 'கொடுக்கிறது' என்று நினைக்கிறார்கள். பிரேசிலின் 1988 அரசியலமைப்பு, பிரிவு 231, வேறு மாதிரி சொல்கிறது. அவர்கள் மரபாக வாழ்ந்துவரும் நிலத்தின் மேல் அவர்களுக்கு உரிமை அரசு உருவாவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. அரசின் வேலை அதை அளந்து, எல்லை குறித்து, பாதுகாப்பது. இந்த வேலைக்கு 'எல்லை வரையறை' என்று பெயர்.

நிலத்தின் பட்டா மத்திய அரசின் பேரில் இருக்கும். அனுபவிக்கும் உரிமை அந்த மக்களுக்கு மட்டும், நிரந்தரமாக. அதை விற்க முடியாது, அடமானம் வைக்க முடியாது. பூமிக்கு அடியில் இருக்கும் கனிமம் அரசுக்குச் சொந்தம். ஆனால் அங்கே சுரங்கம் தோண்ட நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும், அந்த மக்களின் கருத்தைக் கேட்டிருக்க வேண்டும், வருமானத்தில் அவர்களுக்குப் பங்கும் தர வேண்டும். இதற்கான விதிகளை வகுக்கும் சட்டம் இயற்றப்படாததால் அங்கே நடக்கும் தங்கத் தோண்டல் எல்லாமே சட்டவிரோதம்.

இவற்றைவிட முக்கியமான வரி ஒன்று அதே பிரிவில் உண்டு. அந்த நிலத்தை ஆக்கிரமிக்கும், வாங்கும், உரிமை கோரும் எந்தச் செயலும் செல்லாது. எத்தனை வருஷம் வேலி போட்டு உட்கார்ந்திருந்தாலும் அனுபவ உரிமை என்று ஒன்று முளைக்காது. நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா தரக்கூடாது என்று நம் நீதிமன்றங்கள் சொல்வதைப் போல. வெட்டுகிறவரின் கணக்கு 'என்றாவது ஒருநாள் பட்டா' என்ற நம்பிக்கையில்தானே நின்றது? அந்த நம்பிக்கை போனால் வெட்டும் செலவு வீண்.

பாதி வழியில் நின்றால் பயனில்லை

எல்லை வரையறை பல படி கொண்டது. ஒரு மானுடவியலாளர் தலைமையிலான குழு போய் அந்த மக்கள் எங்கே குடியிருக்கிறார்கள், எங்கே வேட்டையாடுகிறார்கள், எங்கே புதைக்கிறார்கள் என்று ஆய்வு செய்யும். பழங்குடிகளுக்கான அரசு நிறுவனமான ஃபுனாய் அதை ஏற்று வெளியிடும். எதிர்ப்புத் தெரிவிக்க அவகாசம் உண்டு. பிறகு நீதித்துறை அமைச்சரின் அறிவிப்பு. அப்புறம் தரையில் எல்லை குறித்தல். கடைசியாகக் குடியரசுத் தலைவரின் ஆணை, பதிவு. எல்லா நிலங்களையும் ஐந்தே ஆண்டுகளில் முடித்துவிட வேண்டும் என்று 1988 அரசியலமைப்பே கெடு வைத்தது. 1993 எப்போதோ போய்விட்டது. வேலை இன்னும் முடியவில்லை. 2019 முதல் 2022 வரை ஆண்ட ஜயீர் போல்சொனாரோ ஒரு சென்டிமீட்டர்கூடத் தரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடியே ஒன்றுக்கும் இறுதி ஆணை போடவில்லை.

இந்தத் தாமதம் வெறும் அலுவலகச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. 2020 இல் வெளியான ஓர் ஆய்வு, நிலத்தின் எல்லைக் கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் காடு எந்த வேகத்தில் போகிறது என்பதைச் செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்டது. குடியரசுத் தலைவரின் இறுதி ஆணை வந்த நிலங்களில் கோட்டுக்கு உள்ளே காடழிப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. ஆணை வராமல் நடுப்படியில் நின்ற நிலங்களில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. நாடு முழுக்க எடுத்தாலும், 1990 முதல் 2020 வரையான 30 ஆண்டுகளில் பழங்குடி நிலங்கள் இயற்கைத் தாவரப் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதத்தை இழந்தன. தனியார் நிலங்கள் இழந்தது 20 சதவீதம்.

சுருக்கமாக: காட்டுக்கு ஒரு சட்டப்பூர்வ முகவரி முழுமையாகக் கிடைக்கும்போது, அதை வளைத்துப்போடும் வியாபாரம் லாபமில்லாமல் போகிறது. பழங்குடி நில உரிமை காட்டைக் காப்பது முதலில் இந்த வழியில்.

அவர்கள் காவல் தெய்வங்களா?

'பழங்குடிகள் இயற்கையின் குழந்தைகள், அதனால் காடு பிழைக்கிறது' என்ற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களும் மரம் வெட்டுகிறார்கள். சின்ன இடத்தைச் சுத்தம் செய்து எரித்து, மரவள்ளியும் வாழையும் போட்டு, சில வருஷத்தில் அதைக் காட்டுக்கே விட்டுவிட்டு நகர்கிறார்கள். கயபோ மக்களின் தலைவர்கள் சிலர் 1980களில் மரக்காரர்களோடும் தங்கக்காரர்களோடும் ஒப்பந்தம் போட்டதும் உண்டு. இதே கயபோ மக்கள் தங்கள் எல்லையில் காவல் சாவடிகள் போட்டு ஆக்கிரமிப்பாளர்களைத் தடுத்து நிறுத்துவதும் உண்டு. எல்லா மனிதர்களையும் போலத்தான். வித்தியாசம், அந்த நிலத்தை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகும் வழி அவர்களுக்கு இல்லை.

'ஒரு சதவீதத்துக்கும் குறைவான மக்களுக்கு நாட்டில் 13 சதவீத நிலமா?' என்ற கேள்வி பிரேசிலில் அடிக்கடி வரும். கேட்க நியாயமாக இருக்கும். 2017 வேளாண் கணக்கெடுப்பின்படி ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் உள்ள பண்ணைகள் எண்ணிக்கையில் சுமார் 1 சதவீதம்தான். மொத்தப் பண்ணை நிலத்தில் கிட்டத்தட்ட பாதி அவற்றிடம் இருக்கிறது. அந்தக் கணக்கை யாரும் அதே வேகத்தில் கேட்பதில்லை.

ஆணை இருந்தும் தோற்கும் இடங்கள்

பாரா மாநிலத்தில் பரகனா மக்களின் அப்பிதெரேவா நிலத்துக்கு 2007 இலேயே இறுதி ஆணை வந்துவிட்டது. ஆனால் உள்ளே இருந்த ஆக்கிரமிப்பாளர்களை வெளியேற்றவில்லை. மேலிருக்கும் அரசியல் தங்களுக்குச் சாதகம் என்று நம்பி அவர்கள் பெருகினார்கள், மாடு வளர்த்தார்கள், ஊரே கட்டினார்கள். 2019க்குப் பிந்தைய ஆண்டுகளில் மிக அதிகமாகக் காடு இழந்த பழங்குடி நிலம் அதுதான். 2023 அக்டோபரில்தான் வெளியேற்றம் தொடங்கியது. காகிதத்தோடு காவலும் வேண்டும்.

இன்னொரு வகைத் தோல்விக்கு எல்லை மீறல்கூட வேண்டாம். 1961 இல் உருவான, பழங்குடி நிலமான ஷிங்கு பூங்கா, மத்தோ குரோசோ மாநிலத்தின் சோயா வயல்களுக்கு நடுவே பச்சைத் தீவாக நிற்கிறது. ஆனால் ஷிங்கு ஆற்றுக்குத் தண்ணீர் தரும் ஓடைகள் பிறப்பது பூங்காவுக்கு வெளியே. வயலின் மண்ணும் பூச்சிமருந்தும் அவற்றின் வழியே உள்ளே வருகின்றன.

கண்காணிப்பு இருந்தால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2004 இல் பிரேசில் அமேசான் ஒரே ஆண்டில் 27,772 சதுர கிலோமீட்டர் காட்டை இழந்தது. மரினா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது தொடங்கிய திட்டத்தில் செயற்கைக்கோள் எச்சரிக்கை, களத்தில் அபராதம், புதிய பாதுகாக்கப்பட்ட பகுதிகள் எல்லாம் சேர்ந்து வந்தன. 2012 இல் அந்த எண் 4,571 ஆனது. 2021 இல் மறுபடி 13,000 தாண்டியது. 2024 இல் சுமார் 6,300. அரசு மாறும்போதெல்லாம் எண்ணும் மாறுகிறது.

வாங்குகிறவர் பக்கம்

2006 இல் பெரிய சோயா வணிகர்கள் கூடி, புதிதாக வெட்டிய அமேசான் நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் எந்த வயல் எப்போது வெட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும். அதனால் இது ஓரளவு வேலை செய்தது. வயல் நகராது, மாடு நகரும். சட்டவிரோதப் பண்ணையில் பிறந்த கன்று, சுத்தமான காகிதம் வைத்திருக்கும் இன்னொரு பண்ணைக்கு விற்கப்பட்டு, அங்கே கொழுத்து, இறைச்சிக் கூடத்துக்குப் போகிறது. கூடம் கடைசிப் பண்ணையின் காகிதத்தை மட்டும் பார்க்கிறது.

தங்கத்தில் கதை இன்னும் வெளிப்படை. 2013 இல் வந்த ஒரு சட்டம், தங்கம் எங்கே எடுத்தது என்று விற்பவர் சொன்னால் வாங்குகிறவர் அதை 'நல்லெண்ணத்தோடு' நம்பலாம் என்றது. வாய்ச் சொல் போதும். உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில்தான் இதை நிறுத்திவைத்தது.

1988 அக்டோபர் 5

இப்போதைய பெரிய சண்டை ஒரு தேதியைச் சுற்றி நடக்கிறது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1988 அக்டோபர் 5 அன்று எந்த நிலத்தில் இருந்தார்களோ அதற்கு மட்டுமே பழங்குடிகள் உரிமை கோரலாம் என்பது பெரும்பண்ணையாளர்களின் வாதம். இதைக் 'காலவரம்பு வாதம்' என்று சொல்லலாம். காதுக்கு நடுநிலையாகத்தான் படும். ஆனால் இந்த வாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில் இருந்த ஷோக்லெங் பழங்குடி மக்களைப் பாருங்கள். தெற்கே சாண்டா கத்தரினா மாநிலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அவர்களைக் கொல்லக் கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். துரத்தப்பட்டவர் குறிப்பிட்ட தேதியில் அந்த நிலத்தில் எப்படி இருந்திருப்பார்? ஆக்கிரமித்தவருக்குத் தேதி முன்னோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. துரத்தப்பட்டவருக்கு அது அசையாமல் நிற்க வேண்டுமாம்.

2023 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் 9க்கு 2 என்ற கணக்கில் இந்த வாதத்தை நிராகரித்தது. நாடாளுமன்றம் உடனே அதே தேதியை வைத்துச் சட்டம் இயற்றியது. குடியரசுத் தலைவர் லூலா அதன் முக்கியப் பகுதிகளை மறுத்தார். டிசம்பரில் நாடாளுமன்றம் அந்த மறுப்பைத் தள்ளிச் சட்டத்தை நிறைவேற்ற, விவகாரம் மறுபடி நீதிமன்றத்துக்கே போனது. இப்படி இழுபடும் ஒவ்வோர் ஆண்டும் இறுதி ஆணைக்குக் காத்திருக்கும் நிலங்கள் நடுப்படியிலேயே நிற்கின்றன. கிரிலாஜெம் செய்கிறவர்களுக்கு வசதியான படியும் அதுதான்.